பூசலார் வெட்டிய அத்திவாரம்

சுருட்டை விட்டுவிட வேண்டுமென்று வைத்தியர் சொன்னபோது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. மாரடைப்புக் கண்டு பத்து நாள் படுத்தெழுந்திருந்தேன். அடுத்த முறை தம்மிடம் வருவதற்கு எனக்கு அவகாசம் இராது என்று அவர் சிரித்தபடியே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சுருட்டு எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. என் தந்தையார் வலிகாமத்துச் சுருட்டுக் கொட்டிலொன்றில் வாசிப்பவராக இருந்தார். சுற்றுகிறவர்களின் கைகள் புகையிலையோடு இருக்க, செவிகள் வாளா இருக்கலாகாது என்று பத்திரிகையையும் கதைகளையும் உரத்து வாசிக்கச் செய்வது யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் இருந்த நல்ல வழக்கம். நான் எழுத்தறிந்ததும் புகையிலை மணம் அறிந்ததும் அங்கேதான்.

மனத்திலே கண்டால் கைகூடும் என்று கூறும் நூல்கள் சில என் அலுமாரியில் உண்டு. அவற்றின் சொற்படி, விடியற்காலையில் கண்ணை மூடி, சுருட்டை விட்டொழித்த மனிதனாக என்னைக் கண்டேன். கடற்கரையில் மூச்சிரையாமல் நடந்தேன். பேத்தி முகஞ்சுளிக்காமல் மடியில் ஏறினாள். மிக இனிய காட்சி! கண்ணைத் திறந்ததும், அந்த வெற்றியைக் கொண்டாடுவது போலக் கை தானாகவே சுருட்டுப் பெட்டியைத் தேடிற்று. மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன.

இதைக் கேட்டவர் என் அத்தான். எங்கள் ஊர்க் கோயிலில் புராணபடனம் நடக்கையில் ஒருவர் பாட்டை வாசிக்க, அத்தான் பயன் சொல்லுவார்.

"தம்பி, பூசலார் கும்பாபிஷேகத்திலையோ தொடங்கினவர்? முதலிலை அத்திவாரம் வெட்டினவரெல்லோ?" என்றார் அவர்.

நாவலர் பெருமான் 1852ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். அந்த வசனத்தை அன்றிரவு எடுத்துப் படித்தேன். சிறுவயது முதல் கேட்ட கதைதான். திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்ட எண்ணிப் பொருள் தேடி அலைந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டத் துணிந்தார். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோமானின் கனவில் இறைவன் தோன்றி, 'நாளை நாம் பூசலுடைய ஆலயத்தில் புகுவோம். நீ உன் செயலைப் பின்னொரு நாளுக்கு வைத்துக்கொள்' என்றருளியது வரையில் எல்லோரும் அறிவர். நான் இத்தனை காலமும் கவனியாது விட்டது இடையிலுள்ள வேலையை. அவர் மனத்திலே பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நாள் பார்க்கிறார், இரவும் கண்படாமல் உழைக்கிறார். அடிவரிசை முதல் சிகரம் வரை முழக்கணக்குப் பிசகாமல் எழுப்புகிறார். தூபி நட்டு, சுதை பூசி, கிணறு அமைத்து, மதில் எடுத்து, குளமும் தோண்டுகிறார். எண்ணத்தில் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு? ஒரு நொடியில் முடித்திருக்கலாமே! நெடுநாள் எடுத்துக்கொண்டார். அந்த நெடுநாளைத்தான் நான் தாண்டிக் குதித்திருந்தேன்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லியன் பாம், ஷெலி டெய்லர் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சி 1999இல் வெளிவந்தது. தேர்வை எதிர்நோக்கிய மாணவரில் சிலர் நல்ல புள்ளி பெற்று மகிழ்வதை நாள்தோறும் ஐந்து நிமிடம் கற்பனை செய்தனர். வேறு சிலர் தாம் இருந்து படிப்பதைக் கற்பனை செய்தனர். பின்னவர்களே மிகுதியாகப் படித்துக் கூடிய புள்ளி பெற்றனர். வெற்றியை மட்டும் கண்டு களித்தவர்களின் படிப்போ குறைந்துபோயிற்று. அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

மறுநாள் முதல் கடற்கரையை விட்டுவிட்டேன். மனத்திலே இராச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவினேன். விறாந்தைக்கு வந்து சாய்மனைக் கதிரையில் அமர்ந்தேன். கை இடப்புறம் நீளுகிறது, நாவில் ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பை விரட்டாமல் இருந்து பார்த்தேன். பிறகு எழுந்தேன், ஒரு கராம்பை வாயிலிட்டேன், படலை வரை நடந்து திரும்பினேன். இதையே காலையும் மாலையும் ஒத்திகை பார்த்தேன். இதில் இனிமை ஒன்றுமில்லை. வேலை செய்த களைப்பே உண்டாயிற்று. ஐந்தாம் நாள் இரவு, மெய்யாகவே கை நீண்டபோது, கால்கள் முன்பே பழகியவை போல எழுந்து படலையை நோக்கி நடந்தன.

நாற்பது நாள் சென்றபின் ஒரு செத்தவீட்டில் வழுக்கினேன். பந்தலின் கீழ் பழைய சிநேகிதர் ஒருவர் துயரத்தோடு நீட்டியதை மறுக்கத் தெரியவில்லை. செத்தவீட்டை நான் மனத்தில் ஒருமுறையேனும் கட்டிப் பார்த்திருக்கவில்லையே! மறுநாட் காலை அதே பந்தலில் அமர்ந்தேன், அவர் நீட்டினார், அவருடைய கையைப் பற்றிக்கொண்டேன். பல நாள் பற்றினேன்.

சென்ற வெள்ளிக்கிழமை அத்தான் வந்திருந்தார். சுருட்டுப் பெட்டி இருந்த இடத்தை ஓரக்கண்ணாற் பார்த்துவிட்டு, "மதில் முடிஞ்சுதோ?" என்றார்.

"இல்லை அத்தான், இன்னும் கிணறுதான் வெட்டுறன்" என்றேன்.