பத்தும் பட்டும்

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில், தாயின் இடுப்பில் இருக்கும் ஆறு மாதக் குழந்தையின் காதில் எத்தனையோ மொழிகள் விழுகின்றன. தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று அறிவிப்பு வருகிறது. கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் ஒடியாவில் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் யாரோ போனில் தெலுங்கு. இந்த மொழிகளின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளை ஏறத்தாழ முழுவதுமாகப் பிரித்தறியும் ஆற்றல் அந்தக் குழந்தைக்கு இருக்கிறது. அதைத் தூக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கு இல்லை.

‘பத்து’, ‘பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நாக்கு பல்லைத் தொடுகிறது, இரண்டாவதில் வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. நமக்குக் குழப்பமே வராது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இந்தியிலும் உள்ள இந்த வேறுபாட்டைக் கனடாவின் ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளிடம் சோதித்தார்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும். ஒரே ஒலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். அது மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை விளக்கொளியில் அசையும். 1984-இல் முடிவு வெளியானது. 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் மாற்றத்தைக் கண்டுகொண்டார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே.

காது மழுங்கிவிடவில்லை. தன்னைச் சுற்றி எந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டோ அதில் மட்டும் மூளை கவனத்தைக் குவிக்கத் தொடங்கிவிட்டது. அதே மாதங்களில் தாய்மொழி ஒலிகளில் கூர்மை கூடுகிறது. ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெறுகிறோம் என்பது மனித வளர்ச்சியின் பெரிய வியப்பு என்றே எனக்குப் படுகிறது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஒன்பதாம் மாதக் கைதட்டலைச் சப்பாணி என்றும், ஓராண்டை ஒட்டிய தளிர்நடையை வாரானை என்றும் பருவம் வகுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தத் திருப்பம் அந்த இரண்டு பருவங்களுக்கும் இடையில் நடக்கிறது.

இதைத் தூண்டுவது வெறும் சத்தமா? அமெரிக்காவில் பாட்ரிசியா கூலும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, 12 அமர்வுகளில் விளையாடிப் பேசினார்கள். சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் அந்தக் குழந்தைகளிடம் நிலைத்தது. அதே ஆட்களைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

ஆகவே சோறூட்டும்போது போனை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வீட்டு மொழியிலேயே குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். தாத்தா ஒரு மொழியும் பாட்டி ஒரு மொழியும் பேசினால் இன்னும் நல்லது. ஆறு மாதமாகியும் சத்தம் வரும் பக்கம் குழந்தை திரும்பவில்லையா? ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்று காத்திருக்க வேண்டாம், உடனே காதைப் பரிசோதித்துவிடுங்கள். குறை இருந்தால் பிஞ்சு வயதிலேயே பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் கூடுவாஞ்சேரி இருக்கும் இதே மாவட்டத்தில், முட்டுக்காட்டில் இருக்கிறது.