கேக் வெட்டாத கம்பெனி: பிறந்தநாள் வந்தால் ரயில் விடும்!

அமெரிக்காவின் புகழ்பெற்ற லயனல் பொம்மை ரயில் முதலில் யாருக்காக ஓடியது தெரியுமா? குழந்தைகளுக்காக இல்லை, கடைக்காரர்களுக்காக! நியூயார்க்கில் 1900-இல் கம்பெனி தொடங்கியபோது ஜோஷுவா லயனல் கோவனுக்கு வயது 23தான். தன் நடுப்பெயரையே கம்பெனிக்கு வைத்தார். சின்ன மின்விசிறிக்காகச் செய்த மோட்டாரை ஒரு மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தி, சக்கரம் மாட்டி, கடையின் கண்ணாடி ஜன்னலில் ஓடவிட்டார். பெட்டிக்குள் இருக்கும் சரக்கை வழியில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். நின்று பார்த்தவர்களோ சரக்கை விட்டுவிட்டு, “இந்த வண்டி என்ன விலை?” என்றார்கள்!

இப்படிப் பிறந்த கம்பெனி 1950-இல் தன் பொன்விழாவை எப்படிக் கொண்டாடியது தெரியுமா? சக்கரங்களைக் காந்தமாக்கி! எஃகுத் தண்டவாளத்தை என்ஜின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கூடுதல் பெட்டிகளை இழுத்தது, மேட்டில் வழுக்காமல் ஏறியது, வளைவில் வேகமாகத் திரும்பினாலும் கவிழவில்லை. ‘மேக்னி டிராக்‌ஷன்’ என்று பெயர். விழாவுக்கென்றே மஞ்சளும் சாம்பலுமாக ஒரு யூனியன் பசிபிக் டீசல் ரயில், கூடவே 773 என்ற எண்ணோடு கம்பீரமான ஹட்சன் நீராவி என்ஜின். பிறந்தநாள் கம்பெனிக்கு, பரிசு பிள்ளைகளுக்கு! விழா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காந்தத்துக்கு வந்த சோதனை தெரியுமா? கொரியப் போர்! காந்தம் செய்யும் அல்னிகோ உலோகக் கலவைக்கு இராணுவத் தேவையால் தட்டுப்பாடு வர, 1952-இல் பல என்ஜின்கள் காந்தம் இல்லாமலே கடைக்கு வந்தன. எங்கோ நடந்த சண்டை, வீட்டுக் கூடத்தில் ஓடும் பொம்மை ரயிலின் சக்கரம் வரை வந்து தொட்டுவிட்டது.

1975-இல் பவளவிழா. அப்போது லயனல் ரயில்களைத் தயாரித்தது யார் தெரியுமா? காலை உணவுத் தானியங்களுக்குப் பேர்போன ஜெனரல் மில்ஸ் நிறுவனம்! கோவன் 1965-லேயே மறைந்துவிட்டார். ஆனாலும் அவரை மறக்கவில்லை. 7500 என்ற எண்ணிட்ட டீசல் என்ஜினுக்குப் பின்னால் கம்பெனியின் வாழ்க்கை வரலாறே கூட்ஸ் வண்டியாக வந்தது. ஒரு பெட்டி கோவனுக்கு, ஒன்று பழைய கேட்டலாக்குகளுக்கு, ஒன்று பேர்பெற்ற என்ஜின்களுக்கு. இன்னொரு பெட்டியில் அந்தந்தக் காலத்து முத்திரைகள்! புத்தகம் போட்டிருந்தால் அலமாரியில் தூங்கியிருக்கும். இது வட்டமடித்து வட்டமடித்துக் கண் முன்னால் வந்தது.

நூற்றாண்டு நெருங்கியபோது பங்குதாரர்களில் ஒருவர் யார் தெரியுமா? ராக் பாடகர் நீல் யங்! பெருமூளை வாதத்தோடு பிறந்த தன் மகனும் ரயில் ஓட்ட வேண்டுமே என்று பெரிய பொத்தான் வைத்த கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கியவர் அவர். கம்பியில்லாத ரிமோட்டில் லயனல் ரயில்களை ஓட்டும் முறை வளர்ந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நூற்றாண்டுக்காக ‘செஞ்சுரி கிளப்’ என்று ஒன்று தொடங்கி, பழைய பெரும்புள்ளி என்ஜின்களை மறுபடி வார்த்தெடுத்தார்கள். பொன்விழா நாயகன் 773 ஹட்சனும் அதில் உண்டு!

2025-இல் 125 வயதும் ஆகிவிட்டது. 1915-இல் வந்த ‘ஓ’ அளவுத் தண்டவாளத்தின் அகலம் இன்றும் அதேதான் தெரியுமா? கொள்ளுத்தாத்தா வாங்கிய குழாய்த் தண்டவாளத்தைப் பரணிலிருந்து இறக்கி, துருவைத் தேய்த்துவிட்டு, வளைவுக்கு ஏற்ற புது என்ஜினாகப் பார்த்து வைத்தால், ஓடுகிறது!