செல்ல நாய்க்கு கீமோதெரபியா?

குட்டீஸ்... மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் புற்றுநோய் வரும். அதற்கு கீமோதெரபி ஊசியும் உண்டு, தெரியுமா?

வேலியோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியிலிருந்து கிடைப்பதுதான், 'வின்கிறிஸ்டின்' மருந்து. 1963ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இதே மருந்தை, நாய்களுக்கும் போடுகின்றனர். தெரு நாய்களிடம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் ஒரு வகைப் புற்றுக்கட்டி உண்டு. வாரம் ஒரு ஊசி என, சில வாரங்கள் போட்டால், அது பெரும்பாலும் குணமாகி விடும்.

அதற்காக, செடியைப் பறித்து நாய்க்குக் கொடுத்து விடாதீர்கள். அது விஷம்!

புற்றுநோய் செல்கள் வேகமாகப் பெருகும். அப்படிப் பெருகும் செல்களைத் தாக்குவதே மருந்தின் வேலை. குடலிலும், எலும்பு மஜ்ஜையிலும் உள்ள நல்ல செல்களும் வேகமாகப் பெருகுபவை. பாவம், அவையும் சேர்ந்து அடிபடும். வாந்தி, பேதி, பசியின்மை வருவது இதனால்தான்.

முடியெல்லாம் கொட்டி விடுமா? பெரும்பாலான நாய்களுக்குக் கொட்டாது. பூடில் போல, முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் கொட்டலாம். சில நாய்களுக்கு மீசை உதிரும். பிறகு முளைத்து விடும்.

நாய் சாப்பிட மறுத்தால், அதட்டாதீர்கள். வாயில் திணிக்கவும் வேண்டாம். மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை, குழைந்த சோற்றில் பிசைந்து, வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள். சூட்டில் எழும் வாசனை பசியைத் தூண்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாந்தியை நிறுத்த அவரிடம் மருந்து இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, காய்ச்சல்! ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளுக்குள், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சின்னக் கிருமித் தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம். நாயின் இயல்பான வெப்பநிலை, 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது, 103ஐத் தாண்டினால், நள்ளிரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். 'காலையில் பார்த்துக் கொள்ளலாம்' என்று இருக்கக் கூடாது. நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரையை கொடுக்கவே கூடாது. நாய்க்கு அது விஷமாகி விடும்.

வெப்பநிலை பார்ப்பது பெரியவர்கள் வேலை. கூப்பிட்டால் வாலாட்டாமல், சோர்ந்து படுத்திருக்கிறதா என்று கவனிப்பது, உங்கள் வேலை!

ஊசி போட்ட சில நாட்களுக்கு, நாயின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். அவற்றை நீங்கள் தொடக் கூடாது. பெரியவர்கள் கையுறை அணிந்து சுத்தம் செய்யட்டும். முகத்தை நக்க விடாதீர்கள். நாயைத் தாராளமாகத் தடவிக் கொடுக்கலாம். பிறகு, சோப்பு போட்டு கை கழுவுங்கள்.

ஒரு நோட்டில், ஊசி போட்ட தேதி, சாப்பிட்ட அளவு, வாந்தி எடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அதையும், ரத்தப் பரிசோதனையையும் பார்த்துத்தான், மருத்துவர் மருந்தின் அளவைக் குறைப்பார். அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவார்.

வாயில்லா ஜீவன், 'எனக்கு முடியலை' என்று சொல்லாது. அதற்காகச் சொல்ல வேண்டியது, நீங்கள்தான் குட்டீஸ்!