கட்டற்ற நிலையில் முதனிகளின் நரம்பணுச் செயற்பாடு: பேன் பார்த்தலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

குரங்கை நாற்காலியில் இருத்தி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வித்துப் பெற்ற பதிவுகளே முதனிகளின் நரம்பணுச் செயற்பாடு பற்றிய அறிவின் பெரும்பகுதிக்கு அடிப்படை. கம்பியில்லாப் பதிவுக் கருவிகள் வந்த பின், விலங்கு தன் இணையுடன் பழகும் நிலையிலேயே அச்செயற்பாட்டை அளக்க முடிகிறது. இதனால் தெரியவந்தவற்றையும், அவற்றுக்குப் பொருள் கொள்ளும்போது தேவைப்படும் எச்சரிக்கையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முதனிகள், நரம்பணு, மின்துடிப்பு, பேன் பார்த்தல், நாட்டுக் குரங்கு

முன்னுரை

படூர் வழியாகத் தெற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை சென்றடையும் கடற்கரை ஊரில், பல்லவர் காலச் சிற்பங்களுக்கிடையே தனிக்கல்லில் வடித்த குரங்குக் குடும்பம் ஒன்று உள்ளது. மந்தி குட்டிக்குப் பாலூட்டுகிறது. அதன் பின்னால் அமர்ந்த கடுவன் மந்தியின் தலைமயிரை விலக்கிப் பேன் பார்க்கிறது. குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணுக்கு மந்தி என்று பெயர் வகுத்த தொல்காப்பிய மரபியல் முதலாகவே, குரங்கின் வாழ்வைக் கூர்ந்து நோக்கும் மரபு தமிழில் உண்டு. சிற்பி கண்ட இந்நடத்தை, குரங்கின் மூளையை ஆராய்ந்த ஆய்வறைகளில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அங்கே குரங்கு தனியாக இருந்தது என்பதே அதற்குக் காரணம்.

மின்துடிப்பும் அதன் பதிவும்

குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதர் ஆகியோர் அடங்கிய உயிரின வரிசையே முதனிகள். ரீசஸ் குரங்கின் மூளையில் சுமார் 640 கோடி நரம்பணுக்களும், மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களும் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் ஏறத்தாழ ஒரு மில்லி நொடி நீடிக்கும் மின்துடிப்புகளால் பிற அணுக்களுக்குச் செய்தி அனுப்புகிறது. மயிரிழையினும் மெல்லிய மின்முனையை அணுவின் அருகே செலுத்தினால் இத்துடிப்புகளை எண்ணலாம். எந்தச் செயலின்போது துடிப்பு மிகுகிறது, எப்போது அடங்குகிறது என்று காண்பதே இத்துறையின் அடிப்படை உத்தி.

விழித்திருக்கும் குரங்கில் இவ்வுத்தியைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்கரான எட்வர்ட் எவார்ட்ஸ். தசை அசைவதற்கு முன்பே இயக்கப் புறணியின் அணுக்கள் துடிக்கத் தொடங்குவதையும், அத்துடிப்பின் வேகம் செலுத்தப்படும் விசையோடு தொடர்புடையது என்பதையும் அவர் 1960களில் காட்டினார். 1982இல் அப்போஸ்டலோஸ் ஜார்ஜோபூலோஸ் குழுவினர், நடுப்புள்ளியிலிருந்து எட்டுத் திசைகளுக்குக் கையை நகர்த்தும்படி குரங்குகளைப் பழக்கினர். ஓரணு ஒரே திசைக்கு மட்டும் துடிப்பதில்லை. தனக்கு உகந்த ஒரு திசைக்கு மிகுதியாகவும் அதன் பக்கத்துத் திசைகளுக்குச் சற்றுக் குறைவாகவும் துடிக்கிறது. ஆகவே தனியோர் அணுவை நோக்கிக் கை போகும் திசையைச் சொல்ல இயலாது. பல அணுக்களின் சாய்வைக் கூட்டினால் திசை துலங்குகிறது. தேர் வடம் பிடிப்போர் ஒவ்வொருவரும் சற்றே வெவ்வேறு பக்கம் இழுத்தாலும், தேர் நகரும் திசை எல்லாருடைய இழுப்பும் கூடியதாகவே அமையும் அல்லவா? இதன்பின் ஆய்வாளர் கவனம் தனியணுவிலிருந்து அணுத்தொகுதியின் பாங்குக்கு மெல்ல நகர்ந்தது.

நாற்காலியின் எல்லை

இவ்வாய்வுகளிலெல்லாம் குரங்கின் தலை அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. இதற்கு வலுவான காரணம் உண்டு. தலை அசைந்தால் மின்முனை இடம்பெயரும். கண் எதைப் பார்க்கிறது என்பதும் கணிக்க முடியாமற்போகும். துல்லியம் இவ்வாறு கிடைத்தது. ஆனால் துணையைத் தேடுவதும், அஞ்சி ஒதுங்குவதும், பேன் பார்ப்பதும் அந்நாற்காலியில் நிகழ முடியாதவை. அங்கே அறியப்பட்டது குரங்கின் மூளை இயங்கும் முறையா, கட்டுண்ட குரங்கின் மூளை இயங்கும் முறையா என்ற வினா நியாயமானது.

பேன் பார்த்தலும் மூளைக் கணக்கும்

கமீல் டெஸ்டார்ட், மைக்கேல் பிளாட் உள்ளிட்டோர் 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது. கட்டுண்டிராத ரீசஸ் குரங்கு இணைகள் தம் போக்கில் பழகும்போது, நெற்றிமடல், பொட்டுமடல் ஆகியவற்றின் புறணி அணுக்களிலிருந்து கம்பியில்லா முறையில் துடிப்புகள் பதியப்பட்டன. நடத்தைகள் காணொளியைக் கொண்டு 24 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. குறிப்பிட்ட நேரத்தில் பல அணுக்களின் துடிப்பு எண்ணிக்கையைக் கொண்டே அந்நேரத்து நடத்தை எதுவென இனங்காண முடிந்தது. உடனிருப்பவர் யார் என்ற சமூகச் சூழலும் அப்பாங்கில் பதிந்திருந்தது.

இவ்வாய்வின் வியப்பூட்டும் பகுதி பேன் பார்த்தல் பற்றியது. குரங்குகளிடையே இது உடல் தூய்மைக்கு மட்டும் உரியதன்று. உறவை ஆக்கிக் காக்கும் செயல். ஆண்-பெண் இணைகள் தாம் பெற்ற அளவுக்கு ஏறத்தாழ ஈடாகத் திருப்பிச் செய்தன. அதனினும் மேலாக, கொடுத்ததற்கும் பெற்றதற்கும் இடையிலான நிலுவை அணுத்தொகுதியின் செயற்பாட்டில் தொடர்ந்து எதிரொலித்தது.

இங்குச் சொற்களில் கவனம் வேண்டும். நிலுவைக்கு ஏற்பத் துடிப்பு மாறுகிறது என்பது அளவீடு. குரங்கு கணக்கு வைக்கிறது என்பது உவமை. பாங்கைப் படிப்பது ஆய்வாளரின் கணினி. அதே தகவலைக் குரங்கின் மூளையே எடுத்தாள்கிறதா என்பதை உடன்நிகழ்வு மட்டும் மெய்ப்பிக்காது. அவ்வணுக்களின் செயற்பாட்டை மாற்றி, பேன் பார்க்கும் நடத்தையும் மாறுகிறதா என்று சோதித்தாக வேண்டும். அச்சுறுத்தும் புதியவர் முன்னிலையில் குரங்குகள் காட்டிய எதிர்வினையை ஆய்வாளர்கள் ஒத்துணர்வு எனப் பொருள்கொண்டதற்கும் இது பொருந்தும். தமிழில் எழுதும்போது இவ்வேறுபாடு இன்னும் எளிதாக மறையும். ‘கணக்குப் பார்க்கும் குரங்கு’ என்பது செவிக்கு அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

பெங்களூரு ஆய்வறையில் நாட்டுக் குரங்குகள்

மாமல்லபுரம் கடற்கரையிலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் வாழ்வது ரீசஸ் இனமன்று. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு. குல்லாய்க் குரங்கு என்றும் இது குறிக்கப்படும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். பி. அருண் தலைமையிலான குழு, இவ்வினத்துக்கென இயற்கைச் சூழலை ஒத்த ஆய்விடத்தை அமைத்து, 2021இல் ஈலைஃப் இதழில் விவரித்தது. குரங்கு தானாகவே தொடுதிரை முன் வந்து, தாடையைத் தாங்கியில் வைத்துச் சாறு பருகும்; அந்நேரத்தில் அதன் பார்வை துல்லியமாக அளக்கப்படும். இரு படங்கள் ஒன்றா, வேறா என்று சொல்லும் கடினமான பணியைப் பழகிய குரங்குகளை உடனிருந்து பார்த்தும், பின்னர்த் தனியே முயன்று தவறித் திருந்தியும், பயிற்சி பெறாத இரு குரங்குகள் கற்றுக்கொண்டன. தனித்திருத்தப்பட்ட குரங்கிடம் இவ்வகைக் கற்றல் வெளிப்பட வழியே இல்லை.

எனினும் ‘கட்டற்ற’ என்னும் சொல்லுக்கும் வரம்பு உண்டு. நாற்காலி நீங்கினாலும், துடிப்புகளைப் பதிய வேண்டுமெனில் மண்டையோட்டைத் திறந்து மின்முனைகளைப் பொருத்தும் அறுவை நீங்குவதில்லை. இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. எத்தனை விலங்குகள், எந்த வினாவுக்காக என்பதை ஆய்வாளர் அங்கே முன்கூட்டியே விளக்கியாக வேண்டும்.