கொழுப்பு ஈரலும் டெங்குக் காய்ச்சலும்

சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என நீண்டு கிடக்கும் புத்தளக் கரையோரத்திலே, ஐப்பசி கார்த்திகை மாரி பெய்து ஓய்ந்ததும் நுளம்பு பெருகும். தென்னந் தோட்டத்துச் சிரட்டைகளிலும் கரையேற்றிய படகுகளிலும் தேங்கும் மழைநீரே டெங்கு நுளம்பிற்குத் தொட்டிலாகின்றது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்.

ஒரே வைரசு ஒருவரைச் சில நாளில் விட்டு நீங்க, மற்றொருவரை உயிராபத்தில் ஆழ்த்துவதேன்? முன்னரே வேறொரு வகை டெங்கு கண்டிருத்தலும் நீரிழிவும் அறியப்பட்ட காரணங்களாம். அவற்றோடு இன்று எண்ணப்படுவது கொழுப்பு ஈரல்.

ஈரற் கலங்களில் நூற்றுக்கு ஐந்திற்கு மேற்பட்டவற்றிலே கொழுப்புப் படியுமாயின் அது கொழுப்பு ஈரல் எனப்படும். மது அருந்தாதாரிடத்தும் இது தோன்றும். மெலிந்த தோற்றமுடையாரும் விலக்கல்லர். புத்தளப் புகையிரதப் பாதை பிரியும் இராகமையிலே, களனிப் பல்கலைக்கழக மருத்துவர் 2007இல் 35 முதல் 64 வயது வரையினரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் மதுவால் விளையாத கொழுப்பு ஈரல் காணப்பட்டது.

கொழும்பிலே டெங்கு நோயாளரை ஆராய்ந்த ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார், கொழுப்பு ஈரல் உடையாரிடம் குருதிப்பெருக்கு டெங்கு மிகுதியாயிருத்தலைக் கண்டனர். இத்தொடர்பின் காரணம் முற்றும் நிறுவப்படவில்லை. ஆயினும் அதனை விளக்கும் நெறி இவ்வாறு கருதப்படுகின்றது. கொழுப்பேறிய ஈரலில் மெல்லிய அழற்சி ஓயாது கனன்று கொண்டிருக்கும். வைரசு புகுந்ததும் அது கொழுந்துவிட்டெரியும். அழற்சிப் பொருள்கள் குருதிக் குழாய்ச் சுவரை நெகிழச் செய்ய, குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியும். குருதி உறைதற்குரிய புரதங்களை ஆக்குவதும் ஈரலே. அது தளர்ந்தால் குருதிப்பெருக்கைத் தடுக்கும் ஆற்றலுங் குன்றும்.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே நிகழ்வது. காய்ச்சல் விட்டதென மகிழ்ந்து கடலுக்குப் புறப்படுபவன், மெய்யான ஆபத்தின் வாயிலில் நிற்கின்றான். வயிற்று நோவு, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு, முரசிற் குருதி கசிதல் என்பன தோன்றின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பரசிற்றமோலை அளவு மீறாது உட்கொள்ளல் வேண்டும். மிகுந்தால் அதுவே ஈரலைக் கெடுக்கும். அசுப்பிரின், இபுபுரூபன் என்பவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும்.

வைரசைக் கொல்லும் மருந்து டெங்குவிற்கு இல்லை. ஆனால் ஈரலிற் சேர்ந்த கொழுப்பைக் குறைத்தல் கைகூடும். பருத்தவர் உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைப்பின், கொழுப்பும் அழற்சியும் தணியும். சீனியைச் சுருக்கி, சோற்றை அளவாக்கி, மீனும் கீரையும் சேர்த்து, நாள்தோறும் நடத்தல் இதற்கு வழி. மாரிக்கு முன் கூரையை வேய்வது போல, காய்ச்சல் வருமுன் ஈரலைக் காப்பதே அறிவுடைமையாம்.