கீழைக் கரையில் விருந்தில்லமும் மனையுரிமையும்

விருந்தோம்பல் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாகிய அறம். திருக்குறள் தன் ஒன்பதாம் அதிகாரத்தை அதற்கென வகுத்தது. நபிமொழி விருந்தினனுக்கு மூன்று நாள் உரிமை நல்கிற்று. இவ்வறம் வேரூன்றிய ஓரிடத்திலே, படுக்கைக்கும் காலையுணவுக்கும் விலை வைத்து வீட்டைத் திறத்தல் தகுமோ எனச் சிலர் ஐயுறுவர். ஆயின், அட்டாளைச்சேனை முதற் பொத்துவில் ஈறாகவுள்ள கரையை நோக்குவார்க்கு அதனினும் பெரிய வினாவொன்று தோன்றும். அவ்வீடு யாருடையது என்பதே அவ்வினா.

இத்தொழிலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பொத்துவிலை அடுத்த அறுகம்குடா, அலைச்சறுக்கு விளையாட்டால் உலகப் புகழ் பெற்றது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே உல்லாசப் பிரயாணிகள் திரள்வர். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அறைகள் வெறுமையாகும். வடக்கே அட்டாளைச்சேனைப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை நாடி வருவோரும், ஏ4 பெருந்தெருவிற் செல்வோருமே தங்குமிடந் தேடுவர்.

மூன்று அறைகளையுடைய ஒரு வீட்டை அறுகம்குடாவில் எடுத்துக்கொள்வோம். பருவகாலம் 180 இரவுகள் எனின், விற்கத்தக்கவை 540 அறையிரவுகள். அவற்றிற் பாதி நிரம்பின் 270. ஆண்டு முழுமைக்கும் உரிய 1,095 அறையிரவுகளில் இஃது ஏறக்குறைய நாலிலொரு பங்கே. எனவே, நிரம்பிய ஓரிரவின் வருவாய் வெறுமையான மூன்றிரவுகளின் செலவையும் தாங்கவேண்டும். வெளுப்புக் கூலி, மின்கட்டணம், அடுப்பெரிவாயு, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பூட்டு, கீல் ஆகியவற்றின் செலவும் இதனுள் அடங்கும்.

உழைப்போ விடியுமுன்னரே தொடங்குகின்றது. அலைச்சறுக்குவோர் காற்றெழுமுன் கடலுக்குச் சென்று, பசியோடு மீள்வர். அவ்வேளைக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அயலாரின் வரவு வீட்டுப் பெண்களின் தனிமையைக் கெடாதிருக்க, விருந்தினர்க்குத் தனிவாயிலும் வேண்டும். சமையல், துப்புரவு, விருந்தினரின் குறிப்பறிதல் ஆகிய இவையாவும் பெரும்பாலும் இல்லாளின் கடனே.

இங்குதான் இக்கரையின் தனித்தன்மை விளங்குகின்றது. அக்கரைப்பற்றுப் பகுதியிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையினர். மகளின் மணத்தின்போது வீட்டைச் சீதனமாக அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தல் நெடுநாள் வழக்கு. மணமகன் அவள் மனையிற் சென்று வாழ்வான். ஆகவே, வழக்கின்படி விருந்தில்லத்தின் உடைமையும் உழைப்பும் ஒருத்தியிடமே சேர்கின்றன. இங்கிலாந்தின் பிளாக்பூல் போன்ற கடற்கரை நகரங்களிலும் விடுதிவீடுகளை நடத்திப் பெயர்பெற்றோர் பெண்களே. எனினும் மனை பெண்வழி இறங்கும் இத்தகைய முறை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் இம்முறையையும் அசைத்தது. இடிந்தவற்றுக்கு ஈடாக எழுப்பப்பட்ட வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்னும் பெயரில் ஆடவர்க்கு எழுதப்பட்டன. தாய் தந்த மனையை இழந்தவள், புதுமனையில் உரிமையற்றவளானாள். உறுதியிற் பெயரில்லாதவள் அவ்வீட்டைத் தன் பெயரில் வங்கிக்கு ஈடு வைத்தல் இயலாது. ஓரறையைக் கூட்டிக் கட்டுதற்கும் பிறர் கையொப்பம் வேண்டும். மகளுக்கு அதனைச் சீதனமாக எழுதிக்கொடுக்கவும் அவளுக்கு உரிமையில்லை.

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் வழிவந்த அதிகாரசபை, இல்லத் தங்குமிடங்களையும் பதிவு செய்கின்றது. அப்பதிவு யார் பெயரில் அமைகின்றது என்பது சிறு செய்தியன்று. ஆடவன் பெயரில் உறுதியும் பதிவும் கணக்கும் அமைய, பெண் உழைப்பு மட்டும் நல்குவாளாயின், அவள் தன் வீட்டிலே கூலியற்ற பணிப்பெண்ணாவாள்.

இனி, முதலில் எழுந்த ஐயத்துக்கு விடை காண்போம். அறைக்கும் உணவுக்கும் விலை பெறுதல் நேரிய வாணிகமே. முகமலர்ச்சிக்கு மட்டும் விலையில்லை. அம்மலர்ச்சியை மனமுவந்து வழங்க வல்லவள், தன் மனையைத் தனதென்று சொல்லும் உரிமையுடையவளே. அவ்வுரிமையைக் காத்தல் விருந்தறத்தைக் காத்தலேயாம்.