பியானோ கற்க ஆசை. பணத்துக்கு எங்கே போவது?

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பன்னிரண்டு வயது தாண்டிய ஒரு பெண்ணுக்கு நாதசுரம் கற்க ஆசை வந்தால், அரசு சொல்லிக்கொடுத்து மாதம் 400 ரூபாய் உதவித்தொகையும் தருகிறது. அதே பெண்ணுக்குப் பியானோ மீது ஆசை வந்தால், செலவு முழுவதும் வீட்டார் தலையில்தான் விழும். பள்ளிப் பிள்ளைகள் பியானோ படிப்பதற்கென்று தனி அரசுத் திட்டம் தமிழகத்தில் இல்லை. ஆனால் உதவி கிடைக்க வழியே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அரசு எதற்குக் கொடுக்கிறது?

கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். படிப்பு 3 ஆண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். மோகனூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கரூர்ப் பள்ளி. காவிரிப் பாலம் தாண்டி வாங்கல் வழியாகப் போய்விடலாம். சேலத்திலும் ஒன்று இருக்கிறது. வகுப்பு பகலில் நடப்பதால், வழக்கமான பள்ளிக்கும் போய்க்கொண்டு இதிலும் சேர்வது கடினம்.

பாடப் பட்டியலைப் பார்த்தாலே நோக்கம் புரியும். கோயிலையும் கச்சேரி மேடையையும் நம்பியிருக்கும் கலைகள் அற்றுப்போகாமல் காப்பதுதான் இந்தப் பள்ளிகளின் வேலை. அந்தக் கணக்குக்குள் பியானோ வரவில்லை.

மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் தரும் கலைத்திறன் உதவித்தொகையும் இப்படித்தான். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண்டுக்கு 3,600 ரூபாயும், அதற்கு மேல் குருவுக்கான கட்டணமாக 9,000 ரூபாய் வரையும் கிடைக்கும். இதுவும் மரபுக் கலைகளை மனத்தில் வைத்த திட்டம். வீட்டில் வயலினோ வாய்ப்பாட்டோ கற்கும் இன்னொரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு விண்ணப்பித்துவிட்டு, மிச்சமாகும் பணத்தைப் பியானோவுக்குத் திருப்பலாம்.

செலவு எங்கே போகிறது?

மூன்று இடத்தில்: கருவி, ஆசிரியர், பரீட்சை.

88 கட்டைகள் கொண்ட மரப் பியானோவின் விலை லட்சங்களில் போகும். தொடக்கத்துக்கு அது தேவையில்லை. 61 கட்டை கீபோர்டு போதும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வகையா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். உபயோகித்த கீபோர்டாக இருந்தாலும் பரவாயில்லை. கருவிக்கு ஒரு தடவை செலவு செய்தால் முடிந்தது. மாதா மாதம் வந்து நிற்பது ஆசிரியர் பீஸ்தான். குடும்பங்கள் பாதியில் நிறுத்துவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பரீட்சைச் செலவைக் குறைக்க வழி உண்டு. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனியாக ஒன்று. இரண்டிலும் தொடக்க நிலை முதல் 8ஆம் கிரேடு வரை போகலாம். ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இன்னொரு அமைப்பின் தேர்வில் 6ஆம் கிரேடுக்குப் போகுமுன் 5ஆம் கிரேடு தியரி முடித்திருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டுதோறும் பரீட்சை எழுதவும் தேவையில்லை. இரண்டு கிரேடுக்கு ஒரு தடவை எழுதினால் கட்டணச் செலவு குறையும்.

உதவி செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?

ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையை இலவசமாகக் கற்றுத்தருகிறது. கோவாவில் 2009இல் தொடங்கிய சைல்ட்ஸ் ப்ளே இந்தியா அறக்கட்டளையும் இதே வேலையைச் செய்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு வெனிசுவேலாவில் தொடங்கிய எல் சிஸ்டமா.

இவர்களில் யாரும் பெற்றோர் கையில் பணமாகக் கொடுக்கவில்லை. கருவி, ஆசிரியர், பயிற்சிக்கு ஓர் இடம் மூன்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். தனித்தனியாகப் பத்துப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு.

மோகனூரில் என்ன செய்யலாம்?

முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்காக 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழு கூடி, பள்ளிக்கு இரண்டு கீபோர்டு வேண்டும் என்று அதன் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். லாரித் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் சம்பாதித்தவர்கள் நிறைந்த நாமக்கல்லில் இது பெரிய தொகை அல்ல.

சிறு பிள்ளைகளுக்கு, 5 முதல் 16 வயது வரை சேர்க்கும் ஜவகர் சிறுவர் மன்றம் நல்ல தொடக்கம். அங்கே குரலிசை கற்றால் சுருதியும் தாளமும் பிடிபடும். பின்னால் கீபோர்டில் கை வைக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள கீபோர்டில் பயிற்சி செய்யக் கேட்கலாம்.

தனியார் அறக்கட்டளைக்கு எழுதும்போது "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பலன் இருக்காது. எந்த ஆசிரியரிடம் கற்கிறார், மாதம் எவ்வளவு பீஸ், எத்தனை மாதத்துக்குத் தேவை என்று எழுதி, ஆசிரியரின் கடிதத்தையும், வாசித்த ஒரு வீடியோவையும், வருமானச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். பணத்தை நேரே ஆசிரியருக்கே செலுத்தலாம் என்று சொல்வது நம்பிக்கையைக் கூட்டும்.

இதெல்லாம் தனி மனிதர்கள் செய்யக்கூடியது. அரசு செய்யக்கூடியது இன்னும் எளிது. கரூரிலும் சேலத்திலும் கட்டடமும் நிர்வாகமும் ஏற்கெனவே இருக்கின்றன. ஏழு பாடங்களோடு எட்டாவதாகக் கீபோர்டைச் சேர்த்து, அதை மாலை வகுப்பாக வைத்தால், பள்ளிப் படிப்பை விடாமலே பியானோ மீது ஆசைப்படும் பிள்ளைகளும் அந்த 400 ரூபாய் உதவித்தொகைக்கு உரியவர்கள் ஆவார்கள்.